ஆற்காட்டு வெள்ளி ரூபாய்: மெய்ம்மையும் மதிப்பும்

முன்னுரை

வரலாற்றுக்குத் துணைசெய்யும் சான்றுகளுள் கல்வெட்டு, செப்பேடு, காசு என்னும் மூன்றும் தலைமை வாய்ந்தன. இவற்றுள் கல்வெட்டு நட்ட இடத்திலேயே நிற்பது. செப்பேடு உரியவர் கையில் தங்குவது. காசோ கைமாறுதற்கென்றே பிறந்தது. பிறந்த இடத்தை விட்டு நீங்கி, அடித்த அரசு வீழ்ந்த பின்னும் வழங்கி, ஒரு நாள் மண்ணிலோ பேழையிலோ ஒடுங்குவது அதன் இயல்பு. ஆகலின் ஒரு பழங்காசு கையிற் கிடைத்தவிடத்து, இஃது எங்கே, எப்பொழுது, யாரால் அடிக்கப்பட்டது. இதன் மதிப்பு யாது என்னும் வினாக்கள் ஒருங்கே எழுகின்றன. அவற்றுக்குக் காசின்மேல் உள்ள எழுத்தே விடைகூறும் எனப் பலரும் கருதுவர். அக்கருத்து எல்லாக் காசுகட்கும் பொருந்துவதன்று என்பதைத் தொண்டைநாட்டில் நெடுங்காலம் வழங்கிய ஆற்காட்டு வெள்ளி ரூபாயைக்கொண்டு விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1. திருப்புட்குழியும் ஆற்காட்டு நெறியும்

காஞ்சிபுரத்திற்கு மேற்கே, இன்றைய சென்னை - பெங்களூர் நெடுஞ்சாலையை ஒட்டி அமைந்துள்ள ஊர் திருப்புட்குழி. புள் என்பது பறவை. சடாயு என்னும் புள்ளரசுக்கு இராமபிரான் ஈமக்கடன் ஆற்றிய இடம் இதுவென்பது தலபுராணச் செய்தி. திருமங்கையாழ்வாரால் பாடப்பெற்ற விசயராகவப்பெருமாள் கோயில் இவ்வூரின்கண் உள்ளது. இராமாநுசர் இளமையில் யாதவப்பிரகாசரிடம் கல்வி பயின்ற ஊர் என வைணவ மரபு இதனைப் போற்றும்.

சமய வரலாற்றில் இத்துணைச் சிறப்புடைய இவ்வூர், பொருளியல் வரலாற்றிலும் கருதத்தக்க இடத்தில் உள்ளது. கிழக்கே நெசவுக்கும் கோயிலுக்கும் பெயர்பெற்ற காஞ்சி. மேற்கே பாலாற்றின் கரையில் நவாபுகளின் தலைநகராயிருந்த ஆற்காடு. இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட வழியில் இவ்வூர் அமைந்துள்ளது. அண்மையிலுள்ள பாலுசெட்டிசத்திரம் என்னும் ஊர்ப்பெயரே வழிப்போக்கும் வணிகமும் அங்கே மிக்கிருந்தமையைக் காட்டும். ஆடை ஒரு திசையிற் செல்ல, வெள்ளி மறுதிசையில் வந்த நெறி இது. இத்தகைய வட்டாரத்தில் பழைய வீடுகளின் பேழைகளிலும் காசுமாலைகளிலும் ஆற்காட்டு ரூபாய் காணப்படின் வியப்பதற்கில்லை. அதனை எவ்வாறு படிப்பது என்பதே வினா.

2. பழந்தமிழர் காசாய்வு

காசின் தரம் ஆய்தல் தமிழர்க்குப் புதிதன்று. சங்கப் புலவருள் வடம வண்ணக்கன் தாமோதரனார், வடம வண்ணக்கன் பேரிசாத்தனார், விற்றூற்று வண்ணக்கன் தத்தனார் முதலியோர் பெயர்களில் வரும் வண்ணக்கன் என்னும் சொல், நாணயத்தின் நன்மை தீமை நோக்குவானைக் குறிக்கும். இத்தொழில் புலவர் பெயரோடு இணைந்து நிற்கும் அளவிற்கு மதிப்புப் பெற்றிருந்தமை இதனாற் புலனாம்.

பிற்காலக் கல்வெட்டுகளில் அன்றாடு நற்காசு, பழங்காசு, வாசிபடாப் பணம், துளைநிறைச் செம்பொன், தீப்போக்குச் செம்பொன் என்னும் தொடர்கள் பயில்கின்றன. இவை வெறும் அடைமொழிகள் அல்ல. கொடுப்போரும் கொள்வோரும் தமக்குள் செய்துகொண்ட காப்புறுதிகள். வாசி என்பது ஒரு காசை மாற்றுமிடத்துக் குறைக்கப்படும் கழிவு. திருவீழிமிழலையில் திருஞானசம்பந்தர் பெற்ற காசு வாசியோடும், திருநாவுக்கரசர் பெற்ற காசு வாசியின்றியும் மாறின என்றும், வாசி நீங்க வேண்டிச் சம்பந்தர் பதிகம் பாடினார் என்றும் பெரியபுராணம் கூறும். இறைவன் தந்த காசையும் கடைத்தெருவில் நிறுத்தும் மாற்றும் நோக்கியே ஏற்றனர் என்பது இவ்வரலாற்றின் உட்கிடை. காசின் முகமதிப்பு வேறு, சந்தை மதிப்பு வேறு என்னும் தெளிவு சேக்கிழார் காலத்தார்க்கு நன்கிருந்தது என்க.

3. காசின் எழுத்து கூறுவது

இனி ஆற்காட்டு ரூபாயை நோக்குவோம். இதன் இருபுறமும் பாரசீக எழுத்துகள் உள்ளன. முன்பக்கத்தில் முகலாயப் பேரரசன் இரண்டாம் ஆலம்கீரின் பெயரும் ஹிஜ்ரி 1172 என்னும் ஆண்டும் காணப்படும். பின்பக்கத்தில் ஆற்காட்டில் அடிக்கப்பட்டது என்னும் செய்தியும் 6 என்னும் ஆட்சியாண்டும் இருக்கும்.

இவ்விரண்டு ஆண்டுகளும் ஒன்றோடொன்று பொருந்துகின்றனவா என்பதே முதற்கண் ஆராயத்தக்கது. ஆலம்கீர் அரியணை ஏறியது 1754 சூன் மாதத்தில். அஃது ஹிஜ்ரி 1167ஆம் ஆண்டின் ஷாபான் மாதமாகும். அதன்படி அவனது 6ஆம் ஆட்சியாண்டு ஹிஜ்ரி 1172 ஷாபானில் தொடங்குகின்றது. எனவே 1172 என்பதும் 6 என்பதும் ஒருங்கு பொருந்தும் காலம், 1759ஆம் ஆண்டின் ஏறத்தாழ ஏப்பிரல் முதல் ஆகஸ்டு வரையுள்ள சில மாதங்களேயாம். பிரெஞ்சுப் படைத்தலைவன் லாலி சென்னைக் கோட்டை முற்றுகையைக் கைவிட்டுப் பின்வாங்கியது அவ்வாண்டின் பிப்ரவரியில். வந்தவாசிப் போர் நிகழ்ந்தது 1760 சனவரியில். இவ்விரு நிகழ்ச்சிகட்கும் இடையே பிறந்த அச்சு இது எனக் கொள்ளலாம்.

இவ்வகைக் காசொன்றில் 1172 என்பதனோடு 2 என்றோ 3 என்றோ ஆட்சியாண்டு காணப்படுமாயின், அஃது ஐயத்திற்கு இடமாகும். எழுத்தறியாது உருவத்தை மட்டும் பார்த்துச் செதுக்குவோர் வழுக்கும் இடம் இதுவே.

4. எழுத்து மறைப்பது

மேற்கூறிய கணக்கு எவ்வளவு செம்மையாயினும், அதனால் தெரிவது அச்சின் மூலம் தோன்றிய காலமே. கையிலுள்ள காசு அடிக்கப்பட்ட காலம் அன்று. அதற்குக் காரணம் உண்டு.

ஆற்காட்டுப் பெயரில் ரூபாய் அடிக்கும் உரிமையை 1736இல் நவாபு தோஸ்த் அலிகானிடமிருந்து புதுச்சேரிப் பிரெஞ்சுக்காரர், ஆளுநர் துய்மா காலத்தில் பெற்றனர். ஆங்கிலக் கம்பெனியார் 1742இல் அவ்வுரிமை பெற்றுச் சிந்தாதிரிப்பேட்டையில் ஓர் அக்கசாலை அமைத்தனர். பின்னர்க் கல்கத்தாவிலும் ஆற்காட்டு ரூபாய் அடிக்கப்பட்டது. ஆக, ஆற்காட்டில் அடிக்கப்பட்டது என எழுதிக்கொண்டு, ஆற்காட்டைக் கண்டறியாத காசுகள் மூன்று நகரங்களில் பிறந்தன.

இடம் மாறியதுபோலவே காலமும் மாறியது. இரண்டாம் ஆலம்கீர் 1759 நவம்பரில் கொலையுண்டான். 1801இல் கருநாடக ஆட்சியே கம்பெனியின் கைக்கு வந்தது. 1807இல் சென்னை அக்கசாலையில் இயந்திரங்கள் அமைந்தன. அவ்வியந்திரங்கள் அடித்த ரூபாய்களிலும் அதே ஆலம்கீர், அதே 1172, அதே 6ஆம் ஆட்சியாண்டு. 1835ஆம் ஆண்டின் 17ஆம் சட்டத்தால் நான்காம் வில்லியம் அரசரின் உருவம் பொறித்த பொது ரூபாய் வரும்வரையில் இந்நிலை நீடித்தது. இறந்த மன்னன் ஒருவன் எழுபத்தாறு ஆண்டுக்காலம் காசின்மேல் ஆண்டுகொண்டிருந்தான்.

இவ்வாறு ஆண்டை உறைய வைத்ததன் காரணம் யாது? ஆட்சியாண்டு மாறுந்தோறும் முன்னாண்டுக் காசைப் பழங்காசு எனக் கூறி, வட்டம் என்னும் பெயரில் கழிவு பிடிப்பது சராப்புகளின் வழக்கம். எடையும் மாற்றும் குறையாவிடினும் ஆண்டு பழையது என்ற ஒன்றே கழிவுக்குக் காரணமாயிற்று. எல்லாக் காசும் ஒரே ஆண்டைத் தாங்கி நிற்பின் இவ்வழக்கிற்கு இடமில்லை. வங்காளத்தில் ஷா ஆலமின் 19ஆம் ஆட்சியாண்டு பொறித்த சிக்கா ரூபாயைப் பல்லாண்டு தொடர்ந்து அடித்தமைக்கும் இதுவே நோக்கம். பாவு வாங்க முன்பணம் பெற்ற நெசவாளனும், தீர்வை கட்டக் காசு தேடிய உழவனும் இக்கழிவின் சுமையைத் தாங்கியோர் ஆவர். பெருவணிகன் கழிவைப் பொருளின் விலையிலேற்றித் தப்புவான். கூலி பெறுவோனுக்கு அவ்வழியில்லை. ஆதலின் உறைந்த ஆண்டு பொய்யேயாயினும், கழிவைத் தடுக்கும் பயனுடையதாயிற்று.

இவ்வழக்கம் 1835இல் அற்றுப்போகவும் இல்லை. விக்டோரியாவின் உருவம் தாங்கிய 1862 என்னும் ஆண்டுக்குறியுடைய ரூபாய்கள் 1874 வரை அதே ஆண்டுக்குறியோடு அடிக்கப்பட்டன; சிறு புள்ளிகளின் எண்ணிக்கையே அவற்றுள் வேறுபாடு காட்டுவது.

5. மெய்யும் போலியும்

இந்நிலையில் மெய்க்காசு என்பதற்கு இலக்கணம் யாது? எழுத்துக்கூறும் இடமும் காலமும் உண்மையாயிருத்தல் என்று கொண்டால், சென்னையில் அடித்த எல்லா ஆற்காட்டு ரூபாயும் போலியாகிவிடும். அஃது ஏற்புடைத்தன்று. உரிமையுடைய அக்கசாலையில், குறித்த எடையும் மாற்றும் பிறழாமல், வழங்குதற்பொருட்டு அடிக்கப்பட்டதே மெய்க்காசு என்று கொள்ளல் வேண்டும். இதன் மறுதலையாகிய போலியும் இருவகைப்படும். அக்காலத்திலேயே மக்களை ஏமாற்றச் செம்பின்மேல் வெள்ளி போர்த்துச் செய்தவை ஒருவகை. அண்மைக்காலத்தில் பழம்பொருள் விரும்புவோரை ஏமாற்றச் செய்தவை மற்றொருவகை. முன்னது வரலாற்றுச் சான்றாதற்குரியது; பின்னது வரலாற்றைக் குலைப்பது.

பிரித்தறியும் முறைகளை வரிசையாகக் காண்போம்.

முதலாவது, நிறை. 1818 சனவரியில் வெளியிடப்பட்ட அறிவிப்பால் சென்னை மாகாணத்தில் வெள்ளி ரூபாயே தலைமை நாணயமாயிற்று. அதன் நிறை 180 கிரெயின். அதனுள் தூய வெள்ளி 165 கிரெயின். இக்கால அளவையில் நிறை 11.66 கிராமும், தூய வெள்ளி ஏறக்குறைய 10.69 கிராமும் ஆகும். அதற்கு முற்பட்டவற்றின் நிறை இதனின்றும் சற்று வேறுபடும். தேய்வினால் நிறை குறைதல் இயல்பு. எழுத்துத் தேயாமல் நிறை மட்டும் குறைதல் இயல்பன்று.

இரண்டாவது, அடர்த்தி. தூய வெள்ளியின் அடர்த்தி எண் 10.49, செம்பினது 8.96. நீரில் அமிழ்த்தி நிறுத்தால் கலப்பு ஓரளவு புலனாம். ஆயின் ஈயத்தின் அடர்த்தி 11.34 ஆதலின், செம்போடு ஈயம் சேர்த்து வெள்ளியின் அடர்த்தியைப் போலச் செய்தல் கூடும். எனவே இச்சோதனை ஒன்றே போதாது.

மூன்றாவது, மாற்று. கட்டளைக்கல்லில் உரைத்தலும், இக்காலத்து ஊடுகதிர்க் கருவியாற் சோதித்தலும் மேற்பரப்பின் செய்தியையே பெரிதும் கூறும். நெடுநாள் மண்ணிற் கிடந்த காசில் மேற்பரப்பிலுள்ள செம்பு கரைந்து நீங்க, வெள்ளி மிகுந்து தோன்றும். உள்ளீடு வேறாயிருக்கலாம். சரிகையின் மேற்பூச்சைக் கண்டு உள்ளிருக்கும் உலோகத்தை முடிவு செய்யலாகாது என்பதைக் காஞ்சி வட்டாரத்து நெசவாளர்க்கு எவரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

நான்காவது, ஆக்கமுறை. இதுவே தலையாயது. கையால் அடித்த காசில் அச்சு பெரிதாகவும் வில்லை சிறிதாகவும் இருக்கும். சம்மட்டி விழுந்த வாட்டத்திற்கேற்ப எழுத்தின் ஒரு பகுதியே பதியும். ஆகவே கைக்காசுகள் இரண்டு முற்றும் ஒத்திருத்தல் இல்லை. இரண்டு காசுகளில் ஒரே கீறலும் ஒரே சிதைவும் ஒரே இடத்தில் காணப்படின், ஒரு மூலத்திலிருந்து எடுத்த வார்ப்புகள் அவை எனத் துணியலாம். இயந்திரக் காசிலோ நிலைமை தலைகீழ். அங்கே ஒப்புமையே இயல்பு. வட்டத்தின் கோணலும் விளிம்புக் கீற்றின் ஒழுங்கின்மையும் ஐயத்திற்குரியன. வார்ப்புக் காசில் நுண்துளைகளும், விளிம்பைச் சுற்றி இணைப்புக்கோடும், எழுத்தின் ஓரங்களில் மழுக்கமும் காணப்படும். அடித்த காசில் உலோகம் எழுத்தை நோக்கி ஒழுகிய சுவடு உருப்பெருக்கியில் தெரியும்.

ஐந்தாவது, அக்கசாலைக் குறி. இயந்திரத்தால் அடித்த சென்னை ரூபாயில் தாமரையும், கல்கத்தா ரூபாயில் ரோசாமலரும், புதுச்சேரி ரூபாயில் பிறையும் காணப்படும். எழுத்து மறைத்த இடத்தை இச்சிறு குறிகள் வெளிப்படுத்துகின்றன. எழுத்து மறைத்த காலத்தை விளிம்புக் கீற்றின் வகையும் அச்சின் செம்மையும் ஓரளவு வெளிப்படுத்தும். சென்னை அருங்காட்சியகக் கண்காணிப்பாளராயிருந்த எட்கார் தர்ஸ்டன் தென்னிந்தியக் கம்பெனிக் காசுகளின் வரலாற்றை 1890இல் நூலாக வெளியிட்ட காலந்தொட்டு, இத்துறை அறிஞர் இக்குறிகளை வகைப்படுத்தி வந்துள்ளனர்.

காசின்மேல் சிறு குழிகளாகவும் முத்திரைகளாகவும் காணப்படும் சராப்புக் குறிகளும் உண்டு. இவற்றைப் பழுதெனக் கருதுவர் சிலர். அக்காசு பலர் கையில் ஆய்வுக்குட்பட்டுத் தேறியது என்பதற்கு அவையே சான்று.

6. அரைப் பூவராகன்

எழுத்தும் உருவமும் மயக்குதற்கு மற்றோர் எடுத்துக்காட்டு, சென்னை அக்கசாலை 1807ஐ ஒட்டி வெளியிட்ட வெள்ளி அரைப் பூவராகன். இதன் ஒருபுறம் விண்மீன்கள் சூழ்ந்த கோயிற்கோபுரமும், மறுபுறம் திருமால் உருவமும் உள்ளன. ஆங்கிலம், பாரசீகம், தமிழ், தெலுங்கு ஆகிய நான்கு மொழிகளிலும் காசின் பெயர் பொறிக்கப்பட்டுள்ளது. ஆண்டு இல்லை; அரசன் பெயரும் இல்லை.

வைணவத் திருப்பதியொன்றில் இக்காசு கிடைப்பின், கோயிலார் அடித்த காசு என்றோ, விசயநகர வேந்தர் காசு என்றோ கருத இடமுண்டு. உண்மையில், வராகன் என்னும் பொற்காசுக் கணக்கிற்குப் பழகிய மக்களிடையே வெள்ளியை வழங்கச் செய்யக் கம்பெனியார் கண்ட உத்தி இது. 80 காசு ஒரு பணம், 42 பணம் ஒரு வராகன் என்பது சென்னைக் கணக்கு. 1818இல் 100 வராகனுக்கு 350 ரூபாய் என விகிதம் வரையறுக்கப்பட்டது. கோபுரமும் திருமாலும் மக்களின் நம்பிக்கையைப் பெறுதற்குக் கொண்ட அடையாளங்கள். ஆற்காட்டு ரூபாயில் முகலாய மன்னன் பெயர் ஆற்றிய தொழிலை இதில் இவ்வுருவங்கள் ஆற்றின. புதிய ஆட்சி தன் முகத்தைக் காட்டாது பழைய நம்பிக்கையின் முகத்தைக் காட்டிற்று என்பது இரண்டிற்கும் பொது.

7. மதிப்பின் வகை

மதிப்பு என்னும் ஒரு சொல்லால் நான்கு பொருள்களைக் குறிக்கின்றோம். அவற்றைப் பிரித்துணர்தல் இன்றியமையாதது.

உள்ளிருக்கும் வெள்ளியின் விலை உலோக மதிப்பு. அன்றைய கடைத்தெருவில் வட்டம் நீக்கிப் பெற்றது வழக்கு மதிப்பு. இன்று காசு திரட்டுவோர் தருவது அருமை மதிப்பு. இது கிடைப்பருமை, தேய்வின்மை, குறியின் தெளிவு ஆகியவற்றைப் பொறுத்தது. பழமை ஒன்றே இதனை உயர்த்தாது. ஆற்காட்டு ரூபாய் மிகுதியாக அடிக்கப்பட்டமையின், பொதுவகைக் காசு அருமை மதிப்பிற் பெரிதாதல் இல்லை. மாலையிற் கோக்க வளையம் பற்றவைத்த சுவடும், புளியும் சாம்பலும் கொண்டு தேய்த்துப் பளபளப்பாக்கிய மேனியும் இம்மதிப்பைக் குறைக்கும்.

நான்காவது சான்று மதிப்பு. இது காசின் மேனியில் மட்டும் இல்லை. கிடைத்த இடத்திலும் உடன்கிடைத்த பொருளிலும் உள்ளது. ஒரு சத்திரத்தின் கடைக்காலில் ஆற்காட்டு ரூபாய் ஒன்று கிடைத்ததாகக் கொள்வோம். ஹிஜ்ரி 1172 எனப் படித்து, அச்சத்திரம் 1759இல் கட்டப்பட்டது என எழுதிவிடுதல் எளிது. அக்காசில் தாமரைக்குறியும் இயந்திர விளிம்பும் இருப்பின், கட்டடம் 1807க்கு முற்பட்டதாதல் இயலாது. ஏறத்தாழ அரை நூற்றாண்டுப் பிழை ஒரு சிறு குறியை நோக்காமையால் நேர்கின்றது. இடையில் ஐதரலி படையெடுப்பும் 1780இன் பொள்ளிலூர்ப் போரும் காஞ்சி வட்டாரத்தை அலைக்கழித்தன. போருக்கு முன் எழுந்த கட்டடமா, போருக்குப் பின் எழுந்ததா என்பது அவ்வட்டார வரலாற்றில் சிறு வேறுபாடன்று.

இடச்சான்று இல்லாதவிடத்து ஆய்வு எத்துணை இடர்ப்படும் என்பதற்குச் சங்ககாலக் காசுகளே சான்று. கரூரில் அமராவதி ஆற்றுப்படுகையில் கிடைத்து, இரா. கிருட்டிணமூர்த்தியால் வெளியிடப்பெற்ற மாக்கோதை என்னும் பெயர் பொறித்த வெள்ளிக்காசு, சேரர் வரலாற்றிற்குப் பெருந்துணையாவது. ஆற்றுமணலில் மண்ணடுக்கு இன்மையின், எழுத்தமைதியையும் உரோமக் காசோடு ஒத்த முகவடிவையும் கொண்டே காலம் கணிக்க வேண்டியதாயிற்று.

சான்று மதிப்பைக் காக்கும் பொருட்டே 1878ஆம் ஆண்டுப் புதையற் சட்டம், பத்து ரூபாய்க்கு மேற்பட்ட புதையலை மாவட்ட ஆட்சியர்க்கு அறிவிக்க வேண்டும் என விதித்தது. 1972ஆம் ஆண்டுத் தொல்பொருட் சட்டம் நூறாண்டு கடந்த காசுகளையும் தொல்பொருளாகக் கொண்டு, அவற்றைத் தனியார் அயல்நாட்டிற்கு அனுப்புதலைத் தடுக்கின்றது. எனினும் சட்டத்தினும் வலியது உருக்குமூசை. வெள்ளி விலை ஏறுந்தோறும் பழங்காசு மூசைக்குச் செல்கின்றது. அங்கே எஞ்சுவது உலோக மதிப்பு ஒன்றே; ஏனைய மூன்றும் புகையாகின்றன.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால் பெறப்படுவன: ஆற்காட்டு ரூபாயின் எழுத்து, அச்சின் மூலம் தோன்றிய காலத்தைக் கூறுமேயன்றிக் காசு பிறந்த காலத்தைக் கூறாது. ஆற்காடு என்னும் சொல் அங்கே ஊரைக் குறித்தலைவிட நாணயத்தின் தரத்தையே குறித்து நின்றது. அக்கசாலைக் குறி, விளிம்பு, ஆக்கமுறை ஆகியவையே இடத்தையும் காலத்தையும் வரையறுக்கத் துணையாவன. எழுத்துப் பிறழ்ந்தமையால் காசு போலியாகாது. எழுத்துச் செம்மையாயிருத்தலால் போலி மெய்யாகாது.

காசினைக் கண்டெடுப்போர் அதனைத் தேய்த்துத் துலக்காமல், கிடைத்த இடம், ஆழம், உடன்கிடைத்தன ஆகியவற்றைக் குறித்து வைத்தல் வேண்டும். காஞ்சியிலிருந்து ஆற்காடு வரையுள்ள பழைய நெறியில் திருப்புட்குழி போன்ற ஊர்களிற் கிடைக்கும் காசுகளைக் குறிவாரியாகத் தொகுப்பின், சென்னைத் தாமரையும் புதுச்சேரிப் பிறையும் எவ்வெவ்விடத்து எவ்வளவு பரவின என்பது புலனாகும். இரு கம்பெனிகளின் வணிக எல்லையை ஆவணங்கள் ஒருவாறு கூறுகின்றன. மக்கள் கையில் வழங்கிய காசு அதனை வேறு வகையாகக் கூறக்கூடும். அத்தொகுப்பு, முதுகலை மாணாக்கர் மேற்கொள்ளத்தக்க பணியாகும்.